பூங்காவில் நமக்கு என்ன வேண்டும்?



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டுப் பெண்கள் கடைசியாக எப்போது ஒரு மரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்? கல்யாண மண்டப வாசலில் நிற்கும் வேப்ப மரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆஸ்பத்திரி வளாகத்துப் புங்க மரத்தையும் சேர்க்காதீர்கள்.

"பெருநாளுக்கு மறுநாள் ஏற்காடு போனோமே ஹஜ்ரத்!" என்பீர்கள். உண்மைதான். வேன் பிடித்து, பிரியாணி தேக்சாவை ஏற்றி, 30 கிலோ மீட்டர் மலையேறி, ஏரிக்கரையில் ஜமுக்காளம் விரித்துச் சாப்பிட்டுவிட்டு மஃக்ரிபுக்குள் இறங்கி விடுகிறோம். அதை விட்டால் மேட்டூர் அணைப் பூங்கா. ஆண்டுக்கு ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள். மீதி 363 நாட்கள்? நான்கு சுவர், ஒரு மொட்டை மாடி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இப்போது கூடுதலாக ஒரு கைப்பேசி!

இது என்ன பெரிய விஷயம், சமுதாயத்துக்கு வேறு பிரச்சினையே இல்லையா என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எண்ணத்தை மாற்றிய சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறேன்.

வாயடைத்துப் போன ஹஜ்ரத்

ஃபஜ்ர் தொழுகை முடிந்து அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் வந்தால் ஒரு காட்சியைக் காணலாம். ஏற்காடு சாலையிலும் காந்தி ஸ்டேடியத்துப் பக்கமும் சாரை சாரையாக மக்கள் நடக்கிறார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள், வங்கி ஊழியர்கள், டாக்டர்கள். சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுப் பெண்களும் கைவீசி நடக்கிறார்கள். நம்மவர்களைத் தேடினால் ஒன்றிரண்டு ஆண்கள் தென்படுவார்கள். பெண்கள் இல்லை. மாலையில் அண்ணா பூங்கா பக்கம் போனாலும் ஏறத்தாழ இதே கதைதான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு சிறு பூங்காவைச் சீர்செய்வது பற்றிப் பேச ஒரு கூட்டம் கூடியது. வேறு வேலையாக அங்கே போன நான் பின் வரிசையில் உட்கார்ந்து கொண்டேன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். "எட்டு வடிவத்தில் நடைபாதை போடுங்கள். பந்து விளையாட விடாதீர்கள். சத்தம் கூடவே கூடாது" என்றார். ஒரு இளைஞர் எழுந்து, "ஷட்டில் கோர்ட் வேண்டும், உடற்பயிற்சிச் சாமான்கள் வேண்டும்" என்றார். ஒரு தாய் ஊஞ்சலும் சறுக்கு மரமும் கேட்டார். பூ விற்கும் மூதாட்டி ஒருவர், "நடக்கிறவங்களுக்கே எல்லாத்தையும் கொடுத்துட்டா கால் வலிக்கிறவ எங்க போய் உட்காருவா? நாலு பெஞ்சு போடுங்க சாமி" என்றார். ஒரே இடம், ஆளுக்கொரு ஆசை! ஒருவர் கேட்பது மற்றவருக்கு இடைஞ்சல்!

கூட்டத்தை நடத்தியவர் என் தொப்பியைப் பார்த்தார். "பாய், உங்க ஜனங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. எழுதிக்கிறோம்" என்றார்.

சகோதரர்களே! நான் வாயடைத்துப் போனேன். மிம்பரில் ஏறினால் ஒரு மணி நேரம் பேசுகிறவன். அன்றைக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. "எல்லாருக்கும் போடுறதே எங்களுக்கும் போதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கேட்டால் பெருந்தன்மை போலத் தெரியும். பெருந்தன்மை இல்லை, அறியாமை! நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்டால் தெரிந்தது

வீட்டுக்கு வந்து முதலில் என் மனைவியிடம் கேட்டேன். "இருபது வருஷமா கேட்காதவங்க இப்ப ஏன் திடீர்னு கேட்கிறீங்க?" என்றார். அந்தக் கேள்வியே பாதிப் பதில். பிறகு மகளிர் மதரஸாவின் ஆலிமா மூலம் தாய்மார்களிடம் கேட்கச் சொன்னேன். நான் நினைத்தது வேறு, அவர்கள் சொன்னது வேறு.

உயரமான சுற்றுச்சுவர் கட்டி மறைத்துத் தரச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். "சுவர் உயரமா இருந்தா உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. அதுதான் பயம்" என்றார்கள். கம்பி வேலியும் நல்ல வெளிச்சமும் போதுமாம். அவர்கள் கேட்ட முதல் பொருள் என்ன தெரியுமா? சுத்தமான, பூட்டிக் கிடக்காத ஒரு கழிப்பறை! இரண்டாவது, குடிநீர்க் குழாய். மூன்றாவது, எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசுகிற மாதிரி பெஞ்சுகள். "வரிசையா ஒரே பக்கம் பார்த்துப் போட்டா பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு" என்றாராம் ஒரு சகோதரி. பாய் விரித்து, பிள்ளைகளுக்குச் சோறூட்டிவிட்டு, பெரியம்மா சின்னம்மா மக்களோடு அரட்டை அடிக்க ஒரு புல்தரை. பெரிய பெண் பிள்ளைகள் வளையப்பந்து ஆட ஓர் ஓரம்.

நம் வியாபாரிகளோ வேறொன்று சொன்னார்கள். "கடை அடைக்கவே மணி ஒன்பதரை ஆகிறது. அதற்குள் பூங்காவைப் பூட்டி விடுகிறார்கள். குடும்பத்தோடு எப்போது போவது?" பெரியவர்கள் கேட்டது அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே உட்காரக் கேட்டுக்கு அருகில் நிழலான ஒரு திண்ணை. வாலிபர்கள் கேட்டது, சொல்ல வேண்டியதே இல்லை, கிரிக்கெட்!

இந்தப் பட்டியலில் இஸ்லாமியருக்கு மட்டுமான கோரிக்கை எது என்று தேடிப் பாருங்கள். ஒன்று கூட இல்லை. பூ விற்கும் மூதாட்டி கேட்டதும் நம் தாய்மார்கள் கேட்டதும் ஒன்றுதான். வேறுபாடு ஒன்றே ஒன்று. அவர் வந்து கேட்டார், நாம் வரவில்லை!

ஏன் ஆளுக்கொரு ஆசை?

இது சேலத்தில் மட்டும் உள்ள விஷயம் அல்ல. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வெவ்வேறு இனத்தவர் வாழும் பகுதிகளின் பூங்காக்களை ஆராய்ந்து, அனஸ்தாசியா லூகைட்டூ சிடரிஸ் என்ற பெண் பேராசிரியர் 1995ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லத்தீன் அமெரிக்க வம்சத்தினர் குடும்பம் குடும்பமாக வந்து, கூடி உட்கார்ந்து, உண்டு பேசிப் பொழுதைக் கழித்தார்கள். கறுப்பின மக்கள் நண்பர் குழுவாக வந்து விளையாடினார்கள். வெள்ளையர்களோ மரம் செடி கொடிகளின் அழகை நாடித் தனியாக வந்தார்கள். சீன வம்சத்தினர் அந்தப் பூங்காக்களுக்கு அதிகம் வரவே இல்லை; அவர்கள் மனதில் இருந்த பூங்கா அழகாகச் செதுக்கிய தோட்டம், பந்து மைதானம் அல்ல. ஆனால் நகராட்சி எல்லாப் பகுதிக்கும் ஒரே அச்சில் பூங்கா போட்டுக் கொடுத்திருந்தது!

நம் ஊரைப் பாருங்கள். அதிகாரி நாள் முழுவதும் மனிதர்களோடு பேசி அலுத்தவர். அவருக்கு அமைதி வேண்டும். செவ்வாப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவர் நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்தவர். அவருக்குக் கையை காலை நீட்ட வேண்டும். நான்கு சுவருக்குள் தனியே கிடந்த பெண்ணுக்கு அமைதி எதற்கு? அது வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. அவளுக்குப் பேச்சுத் துணை வேண்டும். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் எது குறைகிறதோ அதைப் பூங்காவில் தேடுகிறார். இதில் உயர்ந்த ஆசை, தாழ்ந்த ஆசை என்று இல்லை. பூங்கா என்றால் நடக்கிற இடம் மட்டுமே என்று ஒரு சாரார் முடிவு செய்து, பாய் விரிப்பவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று முகம் சுளிப்பதுதான் தவறு.

பிரகாரமும் தர்காவும்

இப்போது கசப்பான ஒரு உண்மையைச் சொல்லப் போகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரி மாலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு சுகவனேசுவரர் கோயிலுக்கோ கோட்டை மாரியம்மன் கோயிலுக்கோ போகிறார். வழிபாடு முடிந்ததும் உடனே திரும்புவதில்லை. பிரகாரத்தில் உட்கார்கிறார். தெரிந்தவர்களோடு பேசுகிறார், பிள்ளைகள் ஓடி ஆடுகிறார்கள். கிறித்தவச் சகோதரிக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வளாகம் இருக்கிறது. அவர்களுக்குப் பூங்கா இரண்டாவது இடம்.

நம் சகோதரிக்கு? தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிவாசல்களில் அவளுக்கு இடம் இல்லை. ஒரு காலத்தில் தர்கா வளாகம் இருந்தது. வியாழன் மாலை அக்கம் பக்கத்துப் பெண்களோடு போவாள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மனக் குறையெல்லாம் கொட்டிவிட்டு வருவாள். மார்க்கத்துக்கு முரணானவை அங்கே நடக்கின்றன என்று நாம் மேடை போட்டுப் பேசினோம். அந்தப் பேச்சிலிருந்து நான் பின்வாங்கவில்லை. ஆனால் அவள் அங்கே கபுருக்காக மட்டுமா போனாள்? மரத்தடிக்காகவும் போனாள்! துணைக்காகவும் போனாள்! "அங்கே போகாதே" என்று சொன்ன நாம், "இங்கே வா" என்று ஓர் இடத்தைக் காட்டினோமா? காட்டவில்லை. ஒரு கதவை அடைத்தோம், வேறு கதவைத் திறக்கவில்லை. அதனால் பூங்கா மற்றவர்களுக்கு ஒரு வசதி என்றால், நம் பெண்களுக்கு வேறு வழியில்லாத தேவை.

"ஃபித்னா ஆகிவிடாதா?"

"பூங்காவில் காதல் ஜோடிகள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே நம் பெண்களை அனுப்பச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவில் நானே கேட்டேன். பெண்கள் பூங்காவில் உலாவுவது நம் கண்ணியத்துக்கு உகந்ததல்ல என்று முழங்கினேன். ஒரு வியாபாரச் சகோதரர் தொழுகை முடிந்து கைகுலுக்கி, "அருமையாகச் சொன்னீர்கள்" என்றார். ஓராண்டு கழித்து அவரைச் சந்தித்தபோது, மனைவிக்குச் சர்க்கரை அளவு கட்டுக்கடங்கவில்லை என்றார். "டாக்டர் நடக்கச் சொன்னாரே?" என்றேன். "நடந்துகொண்டுதான் இருந்தாள். நீங்கள் பயான் செய்த பிறகு நிறுத்திவிட்டேன். இப்போது மாடியில் துணி காயப்போடும் கயிற்றுக்கு இடையே நடக்கிறாள்" என்றார். அவர் குறை சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தப் பயானுக்கு நாளை நான் பதில் சொல்ல வேண்டாமா?

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் கணக்கிட்டது. வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடல் உழைப்போ நடையோ மேற்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கயிற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து 150 நிமிடம் நடக்க முடியுமா?

மார்க்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு திறந்த வெளியில் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதலில் அன்னை வென்றார்கள், பிறகொரு முறை நபியவர்கள் வென்றார்கள். பெருநாள் அன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியபோது அன்னையவர்கள் சலிக்கும் வரை நின்று பார்க்க வைத்தார்கள். பெருநாள் திடலுக்குப் பெண்கள் அனைவரும், தொழுகை இல்லாத நாட்களில் இருப்பவர்களும் கூட, வெளியே வரப் பணித்தார்கள். இவை நமக்குத் தெரியாதவை அல்ல. மதரஸாவில் ஓதினோம், ஊருக்குள் வந்ததும் மறந்தோம்.

பாதையோரம் உட்காரும் தோழர்களுக்கு நபியவர்கள் சொன்ன விதி ஒன்று உண்டு. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. இளைஞர்களே, கவனியுங்கள்! முதல் கட்டளை, பார்க்கிறவனின் கண்ணுக்கு! கேட்டில் பைக்கை நிறுத்தி வைத்துக்கொண்டு போவோர் வருவோரை அளவெடுக்கும் வாலிபனிடம் நாம் பேச வேண்டும். அதை விட்டுவிட்டு, நடக்க வந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பினால் எந்த நியாயம்?

ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலும் இந்தச் சிக்கல் வந்தது. ஒன்பது வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது குறைந்து போவதை 1990களின் பிற்பகுதியில் அங்கே கவனித்தார்கள். அவர்கள் பர்தா சமுதாயம் அல்ல! காரணம் தேடினால், பந்து மைதானத்தை ஆண் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள், வாயில் ஒன்றே ஒன்று, அதிலும் அவர்களே நிற்கிறார்கள். 1999ல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், வாயில்களை அதிகமாக்கினார்கள், கைப்பந்துக்கும் ஷட்டிலுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஃபித்னாவுக்குப் பயந்து பூங்காவை மூட வேண்டியதில்லை. வாயிலும் விளக்கும் சரியாக இருந்தால் பாதி பிரச்சினை தீரும்.

எதைக் கேட்கக் கூடாது?

நமக்கென்று தனிப் பூங்கா கேட்கலாமா? டெஹ்ரானில் 2008ல் பெண்களுக்கு மட்டுமான பூங்காவைத் திறந்தார்கள். அது அவர்கள் நாட்டு வழி. பல சமயத்தார் தோளோடு தோள் உரசி வாழும் நம் ஊருக்கு "முஸ்லிம் பூங்கா" என்ற பேச்சே வேண்டாம். நம் பெண்களும் பூ விற்கும் மூதாட்டியும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தால் வதந்திக்கு அங்கே இடமிருக்காது. கலவரக்காரன் பிழைப்பு நடப்பதே நாம் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பதால்தான்.

பூங்காவில் தொழ இடம் கேட்கலாமா? நொய்டாவில் 58வது செக்டாரில் உள்ள ஒரு பூங்காவில் வெள்ளிக்கிழமைத் தொழுகை கூடாது என்று 2018 டிசம்பரில் போலீசார் அங்குள்ள கம்பெனிகளுக்கு நோட்டீசு அனுப்பினார்கள். ஊழியர் தொழுதால் கம்பெனி பொறுப்பு என்றார்கள். மனதைப் புண்படுத்திய செயல்தான். பக்கத்தில் பள்ளிவாசல் இல்லாத புது நகரங்களில் அது உண்மையான நெருக்கடி. ஆனால் நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல்கள் உள்ள நம் ஊரில், பாங்கு சொன்னதும் எழுந்து பள்ளிக்குப் போவதே சிறப்பு.

நாம் கேட்க வேண்டியது சலுகை அல்ல, எல்லாருக்கும் ஒரே சட்டம். தெருக்களிலும் பூங்காக்களிலும் பொது இடங்களிலும் அனுமதியில்லாமல் கோயில், சர்ச், மசூதி, குருத்துவாரா எதுவும் புதிதாகக் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29ல் உத்தரவிட்டது. அதை நாமும் மீற வேண்டாம், பிறர் மீறினால் சண்டைக்குப் போகவும் வேண்டாம். மனு கொடுப்போம், சட்டப்படி கேட்போம்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நிலம் இருந்தால்தானே இந்தப் பேச்செல்லாம்! சென்னையில் 1859 வாக்கில் கவர்னர் டிரெவெலியன் காலத்தில் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா ஒன்று உருவாயிற்று. பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். பிறகு விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913ல் ரிப்பன் மாளிகை வந்தது, நேரு ஸ்டேடியம் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான். ஆனால் எல்லாம் அந்தப் பூங்கா நிலத்தில் வந்தன! இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் கார்டன் என்ற சிறு தோட்டம். பெங்களூரில் ஹைதர் அலி 1760ல் தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த லால்பாக் இன்றும் லட்சக்கணக்கானோருக்கு நிழல் தருகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு, ஊர் அதைத் தன்னுடையதாக எண்ணிக் காத்ததா இல்லையா என்பதுதான்.

காப்பதற்குச் சட்டம் இருக்கிறது. பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி ஆகியவற்றைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் இயற்றப்பட்டது. பெரிய மனைப் பிரிவு போடும்போது பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தத் தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1991ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மருத்துவமனைக்கே கூடாது என்றால் நம் சரக்கு வண்டி நிறுத்தக் கூடுமா?

ஆம், நம்மவர்களைத்தான் சொல்கிறேன். பூங்கா ஓரத்தில் தட்டி கட்டிக் கடையை நீட்டியவர்கள் நம்மிலும் உண்டு. பூங்கா இடத்தைச் சேர்த்து மனை விற்ற ரியல் எஸ்டேட் சகோதரர்களும் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் நிலத்தில் சம்பாதித்த காசில் பரக்கத் இருக்குமா? உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

நம் அருகிலேயே வழிகாட்டி இருக்கிறது. அஸ்தம்பட்டியை அடுத்த கன்னங்குறிச்சியில் ஏறத்தாழ 58 ஏக்கர் மூக்கனேரி சீரழிந்து கிடந்தது. 2010 முதல் சேலத்து மக்கள் சிலர் கூடி, தூர் வாரி, நடுவே மண் திட்டுக்கள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அங்கே பறவைகள் அடைகின்றன. வாய் திறந்து கேட்டவர்களும் கை நீட்டி உழைத்தவர்களும் பெற்றார்கள்.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நோர்ரெப்ரோ என்ற பகுதி உண்டு. வெளிநாடுகளிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் நிறைய வாழும் இடம். அங்கே 2012ல் சூப்பர்கிலன் என்ற பூங்காவைத் திறந்தார்கள். கட்டும் முன் அப்பகுதி மக்களிடம், உங்கள் நாட்டிலிருந்து என்ன கொண்டு வந்து வைக்கலாம் என்று கேட்டார்கள். ஈராக்கிலிருந்து ஊஞ்சல் வந்தது, மொராக்கோவிலிருந்து நீரூற்று வந்தது. கேட்டார்கள், மக்கள் சொன்னார்கள். நம்மிடமும் கேட்கிறார்கள், நாம்தான் கூட்டத்துக்குப் போவதில்லை!

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முறையாகப் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. வார்டு கவுன்சிலர் முன்னிலையில் உங்கள் தெருப் பிரச்சினையை நேரே சொல்ல அமைந்த சபை அது. பூங்காவும் விளையாட்டிடமும் நகராட்சிகளின் பொறுப்பில் வரவேண்டியவை என்று 74வது அரசியல் சட்டத் திருத்தமே பட்டியலிட்டிருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் மட்டும் போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டு வராதீர்கள். தாய்மார்களை அழைத்துப் போங்கள். அவர்கள் வாயால் அவர்கள் சொல்லட்டும். பூட்டாத கழிப்பறை, குடிநீர், விளக்கு, கூடி உட்காரும் பெஞ்சு, பாய் விரிக்கப் புல்தரை, பெண் பிள்ளைகள் விளையாட ஓர் இடம், இரவு பத்து மணி வரை திறந்த கேட். ஏழே கோரிக்கைகள்! நடப்பவர்களின் பாதையை யாரும் பறிக்க வேண்டாம். காலை நேரம் அவர்களுக்கு, மாலை நேரம் குடும்பங்களுக்கு என்று பேசி முடித்துக்கொள்ளலாம். மனிதர்கள் உட்கார்ந்து பேசினால் தீராதது இல்லை.

கேட்பதோடு கடமை முடியவில்லை. பாய் விரித்துச் சாப்பிட்டால் எலும்பையும் இலையையும் பொறுக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே தர்மம் என்று படித்த சமுதாயம் நாம். முள்ளைப் போட்டுவிட்டு வரலாமா? வசதியுள்ள வியாபாரிகள் மாநகராட்சியின் அனுமதியோடு இரண்டு பெஞ்சு போட்டுத் தாருங்கள், பத்து மரம் நட்டு வேலி கட்டுங்கள். நாம் நட்ட மரத்தில் பறவை தின்றாலும் மனிதன் தின்றாலும் நமக்குத் தர்மம் எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்து. பள்ளிவாசல் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுவது போல் மரத்தில் மட்டும் உங்கள் பெயரை எழுதி விடாதீர்கள்!

முத்தவல்லிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கையில் உள்ள வக்ஃபு இடங்களையும் பள்ளி வளாகங்களையும் பாருங்கள். புதர் மண்டிக் கிடக்கும் ஒரு மூலையைச் சுத்தம் செய்து, நான்கு பெஞ்சு போட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திறந்து விட எவருடைய அனுமதி வேண்டும்? மாநகராட்சியிடம் நீட்டும் விரலை முதலில் நம் பக்கம் திருப்புவோம்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டால் சொல்ல என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருக்கிறது. நம் தாய்மார்கள் சொல்லச் சொல்ல எழுதியது. உங்கள் ஊரில் உங்களிடம் கேட்டால், உங்கள் பையில் என்ன இருக்கிறது? இன்று இரவு கடையடைத்து வீட்டுக்குப் போனதும் முதலில் வீட்டில் கேளுங்கள். "இருபது வருஷமா கேட்கலையே" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.